ஸ்டாக் பிரிவு டிராக் பந்தயத்துக்கு மஸில் கார்: தகுதி விதிகளைப் படித்துக் காரைத் தேர்ந்தெடுக்கும் முறை

அமெரிக்காவில், இரண்டு கார்கள் நேர் தடத்தில் மோதும் டிராக் பந்தயத்தின் ஸ்டாக் எலிமினேட்டர் பிரிவில், பெரிய எஞ்சின் பொருத்திய மஸில் காரோடு ஓட ஆசைப்படுகிறவர்களில் பலர் முதலில் காரை வாங்கிவிடுகிறார்கள். பிறகு எஞ்சினைப் பிரிக்கிறார்கள். விதிநூலைத் திறப்பது கடைசியில்தான். அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினால் பல ஆயிரம் டாலரும் ஓரிரு ஆண்டு உழைப்பும் மிச்சமாகும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தப் பந்தயத்திலோ ஏட்டில் இல்லாத சுரைக்காய்தான் கறிக்கு உதவாது. உங்களிடம் இருப்பது எவ்வளவு அரிய கார் ஆனாலும், அது எவ்வளவு வேகமாக ஓடினாலும், பந்தய அமைப்பின் வகைப்பாட்டுக் கையேட்டில் அந்த ஆண்டு, அந்த மாடல், அந்த எஞ்சின் என்ற சேர்க்கைக்கு ஒரு வரி இல்லையென்றால் ஸ்டாக் பிரிவில் அதற்கு இடமில்லை.

இங்கே நான் பேசுவது வாலி பார்க்ஸ் 1951இல் தொடங்கிய நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷன், அதாவது என்.எச்.ஆர்.ஏ. நடத்தும் பந்தயங்களைப் பற்றி. தூரம் கால் மைல், ஏறத்தாழ 402 மீட்டர். தொழிற்சாலையிலிருந்து வந்த அமைப்பைப் பெரும்பாலும் மாற்றாமல் ஓடுவது ஸ்டாக் எலிமினேட்டர். அதே கார்களுக்குக் கூடுதல் மாற்றங்களை அனுமதிப்பது சூப்பர் ஸ்டாக் எலிமினேட்டர். புதிதாக வருகிறவர் ஸ்டாக்கில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. செலவு குறைவு என்பது ஒரு காரணம். விதிகளை மதித்து ஒரு எஞ்சினைக் கட்டும் ஒழுக்கம் அங்கேதான் கைவரும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

‘ஸ்டாக்’ என்றால் எதைக் குறிக்கிறது

கடையில் வாங்கியபடியே ஓடும் கார் என்று இச்சொல்லைப் புரிந்துகொள்வது பாதிதான் சரி. தயாரிப்பு நிறுவனம் ஒரு மாடலை ஒரு குறிப்பிட்ட எஞ்சினோடு பொதுமக்களுக்கு விற்பனைக்கு வைத்தது என்பதையும், அதன் அளவுகளை முறைப்படி ஒப்படைத்தது என்பதையும் பந்தய அமைப்பு ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஏற்பின் பொருள் விளங்க வேண்டுமானால் 1960களின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றுள்ள விதிகளில் பெரும்பாலானவை அன்று டெட்ராய்ட் கார் நிறுவனங்கள் செய்த தந்திரங்களுக்குப் பதிலாக எழுதப்பட்டவை.

ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் வென்ற கார் திங்கட்கிழமை கடையில் விற்கும் என்ற நம்பிக்கை அக்காலத்தில் ஆழமாக வேரூன்றியிருந்தது. அதனால் நிறுவனங்கள் பந்தயத்துக்கென்றே ஒருசில கார்களைக் கட்டி, அவற்றைச் சாதாரண விற்பனைக் கார் என்று சொல்லி ஸ்டாக் பிரிவுகளில் இறக்கின. 1962இல் ஃபேக்டரி எக்ஸ்பெரிமென்டல் என்ற தனி வகுப்பு உருவானது இதனால்தான்: தொழிற்சாலையிலிருந்து வந்ததுதான், ஆனால் பொது விற்பனைக்கு வந்ததாகக் கருத முடியாது என்ற நிலையில் இருந்த கார்களுக்கு அது ஒதுக்கப்பட்டது. 1963ஆம் ஆண்டு பான்டியாக் கட்டலினாவில் எடையைக் குறைப்பதற்காக அடிச்சட்டத்தையே சல்லடைக் கண்போலத் துளைத்து 14 கார்கள் கட்டினார்கள். அவை ஸ்டாக் வகுப்புகளில் ஓட முடியாமல் ஃபேக்டரி எக்ஸ்பெரிமென்டலின் பி/எஃப்.எக்ஸ். வகுப்புக்குத் தள்ளப்பட்டன. பொறியியல் குறை எதுவும் காரணமல்ல. எண்ணிக்கையும் எடையும்தான் காரணம்.

எண்ணிக்கை எவ்வளவு முக்கியம் என்பதை ஃபோர்ட் நன்றாகவே புரிந்துகொண்டது. 1964இல் நடுத்தர அளவுள்ள ஃபேர்லேன் காரில் 427 கன அங்குல எஞ்சினைப் பொருத்தித் தண்டர்போல்ட் என்ற காரை ஏறத்தாழ நூறு எண்ணிக்கையில் கட்டியது. முன்பக்கத்தில் நான்கு விளக்குகள் இருக்க வேண்டிய இடத்தில் உட்புற விளக்குகள் இரண்டையும் எடுத்துவிட்டு, அந்த ஓட்டைகள் வழியாக, எரிபொருளையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர்களுக்குக் குளிர்ந்த காற்றைக் கொண்டுபோனார்கள். அந்தக் காரில் ஓடிய கேஸ் ரோண்டா அந்த ஆண்டின் சாம்பியன் ஆனார்.

இந்த விதியோடு மிக நெருக்கமாகப் பிணைந்தது ஃப்ரெட் கிப் என்ற செவ்ரோலே விற்பனையாளரின் கதை. இலினாய் மாநிலத்தின் லா ஹார்ப் என்ற சிற்றூரில் கடை வைத்திருந்த அவர், 1968இல் 396 கன அங்குல எஞ்சினும் தானியங்கிக் கியர்பாக்ஸும் சேர்ந்த நோவா கார்களைச் சிறப்பு ஆணையின் பேரில் 50 வாங்கினார். அடுத்த ஆண்டு, முழுவதும் அலுமினியத்தால் வார்க்கப்பட்ட 427 இசட்.எல்-1 எஞ்சினைக் கமாரோவில் கேட்டு மறுபடியும் 50 கார்களுக்கு ஆணை கொடுத்தார். பந்தயத்தில் ஏற்கப்படுவதற்கு அன்று வேண்டியிருந்த குறைந்தபட்ச எண்ணிக்கை அந்த ஐம்பதுதான். கார்கள் வந்தபோது ஒவ்வொன்றின் விலையும் 7,000 டாலரைத் தாண்டியிருந்தது; எஞ்சினுக்கு மட்டும் 4,000 டாலருக்கு மேல். சிற்றூரில் அந்த விலைக்கு ஐம்பது பேர் எங்கிருந்து வருவார்கள்? விற்க முடியாத பல கார்களை நிறுவனம் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு கடைகளுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. மொத்தம் 69 கார்களோடு அந்த உற்பத்தி நின்றது. இன்று ஏலங்களில் அவற்றின் விலையைப் பார்க்கிறவர்கள், ஒரு தகுதி விதியை நிறைவேற்றுவதற்காகவே அவை பிறந்தன என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை.

கிறைஸ்லர் வேறு வழியில் சென்றது. 1968இல் டாட்ஜ் டார்ட், பிளிமத் பாரகுடா ஆகிய சிறிய கார்களில் 426 ஹெமி எஞ்சினைப் பொருத்தும் பணி மிச்சிகனில் ஹர்ஸ்ட் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. முன் தகடுகள் கண்ணாடியிழையால் ஆனவை. கதவுத் தகடுகள் அமிலத்தில் மெலிதாக்கப்பட்டவை. பின் இருக்கை கிடையாது. சன்னல் கண்ணாடியைத் தூக்குவதற்குக் கைப்பிடிக்குப் பதிலாக ஒரு பட்டை. வண்ணம்கூடப் பூசாமல், அடிப்பூச்சோடு விற்றார்கள். உத்தரவாதமும் கிடையாது. சூப்பர் ஸ்டாக்கில் அவற்றுக்கு நிகரான ஹெமி கார்கள் தங்களுக்குள் மோதும் வகுப்பை இன்றைக்கும் இண்டியானாபொலிஸில் காணலாம். ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டியது அது.

கையேட்டின் ஒரு வரியைப் படித்தல்

வகைப்பாட்டுக் கையேட்டில் ஒவ்வொரு காருக்கும் தயாரிப்பாளர், ஆண்டு, மாடல், எஞ்சினின் கன அங்குலம், கார்புரேட்டர் வகை, நிறுவனம் விளம்பரப்படுத்திய குதிரைத்திறன், பந்தய அமைப்பு மதிப்பிட்ட குதிரைத்திறன், நிறுவனம் அறிவித்த அடிப்படை எடை ஆகியவை இருக்கும். இந்தக் கடைசி இரண்டு எண்களும்தான் உங்கள் தலைவிதியை எழுதுகின்றன. எடையைக் குதிரைத்திறனால் வகுத்தால் ஒரு குதிரைத்திறனுக்கு எத்தனை பவுண்டு என்பது கிடைக்கும். அந்த விகிதப்படி கார் ஓர் எழுத்து வகுப்பில் விழும். கைக்கியர் கார்களுக்கு எழுத்தோடு எஸ் என்றும், தானியங்கிக் கார்களுக்கு எஸ்.ஏ. என்றும் குறிப்பார்கள்.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உங்கள் கண்ணில் பட்ட காரின் அடிப்படை எடை 3,400 பவுண்டு, மதிப்பிட்ட குதிரைத்திறன் 340 என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் சரியாக 10.00. வகுப்புகள் அரை பவுண்டுக்கு ஒரு படியாக இறங்குவதால், இது 10.00இல் தொடங்கி 10.49 வரை உள்ள வகுப்பில் விழுகிறது. பந்தய நாளில் ஓட்டுநரோடு சேர்த்து எடை மேடையில் நிற்க வேண்டிய குறைந்தபட்ச எடையைக் காண, வகுப்பின் கீழ் எல்லையைக் குதிரைத்திறனால் பெருக்கி, ஓட்டுநருக்கென 170 பவுண்டு கூட்ட வேண்டும்: 3,400உம் 170உம் சேர்ந்து 3,570. இயல்பான வகுப்புக்கு ஒரு படி மேலேயோ கீழேயோ ஓடவும் அனுமதி உண்டு. ஒரு படி மேலே போனால் 9.50 என்ற விகிதத்தில் 3,230உம் 170உம் சேர்ந்து 3,400 போதும். ஒரு படி கீழே வந்தால் 10.50 என்ற விகிதத்தில் 3,740 வேண்டும். ஆக, ஒரே கார் 340 பவுண்டு வித்தியாசத்துக்குள் மூன்று வகுப்புகளில் நிற்க முடியும். உங்கள் உடல் எடை என்ன, இருக்கையும் பாதுகாப்புக் கம்பிகளும் எவ்வளவு கனக்கும், காரிலிருந்து சட்டப்படி எதை எடுக்கலாம் என்பதையெல்லாம் இந்த மூன்று எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் காரை வாங்க முன்பணம் கொடுக்க வேண்டும்.

இனி, விளம்பரக் குதிரைத்திறனுக்கும் மதிப்பிட்ட குதிரைத்திறனுக்கும் ஏன் வேறுபாடு? 1960களின் இறுதியில் நிறுவனங்கள் வேண்டுமென்றே குறைத்துச் சொன்னார்கள். காப்பீட்டு நிறுவனங்களின் கண்ணில் படாமலிருப்பது ஒரு காரணம். எடை விகிதத்தில் சாதகமான வகுப்பைப் பிடிப்பது மற்றொன்று. இதற்குப் பெயர்போனது 1968ஆம் ஆண்டின் நடுவில் வந்த 428 கோப்ரா ஜெட் மஸ்டாங். ஃபோர்ட் அதற்குச் சொன்ன திறன் 335. ரோட் ஐலண்டில் ஃபோர்ட் விற்பனைக் கடை வைத்திருந்த பாப் டாஸ்கா கொடுத்த அழுத்தத்தில் உருவான அந்த எஞ்சினோடு, பந்தயத்துக்கென ஏறத்தாழ ஐம்பது வெள்ளைக் கார்களை முதலில் கட்டினார்கள். பொதுமக்கள் கைக்கு வருவதற்கு முன்பே, 1968 பிப்ரவரியில் பொமோனாவில் நடந்த வின்டர்நேஷனல்ஸ் பந்தயத்தில் அதில் ஓடிய அல் ஜோனியெக் சூப்பர் ஸ்டாக் பட்டத்தை வென்றார். 335 குதிரைத்திறன் உள்ள கார் அப்படி ஓடாது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். 430 என்று சொல்லப்பட்ட இசட்.எல்-1, 425 என்று சொல்லப்பட்ட ஹெமி ஆகிய இரண்டும் நடைமுறையில் 500ஐத் தாண்டியவை. ஆகவே விளம்பர எண்ணை நம்பாமல், கார்கள் தடத்தில் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துப் பந்தய அமைப்பு தன் எண்ணை வைக்கிறது.

அந்த எண் கல்லில் பொறித்ததல்ல. ஒவ்வொரு வகுப்புக்கும் இண்டெக்ஸ் எனப்படும் ஓர் அளவுகோல் நேரம் உண்டு. குறிப்பிட்ட எஞ்சின் சேர்க்கை அதைவிட மிக அதிக வேகத்தில் தொடர்ந்து ஓடினால், தானியங்கிக் குதிரைத்திறன் முறை என்ற ஏற்பாட்டின்படி அந்தச் சேர்க்கையின் திறன் உயர்த்தப்படும். மேலே போட்ட கணக்கில் 340 என்பது 345 ஆனால் விகிதம் 9.86ஆகக் குறைந்து, இயல்பான வகுப்பே மாறிவிடும். பழைய வகுப்பிலேயே நிற்க விரும்பினால் 3,570க்குப் பதிலாக 3,620 பவுண்டு சுமக்க வேண்டும். இந்த உயர்வு ஓடிய ஒருவருக்கு மட்டுமல்ல, அதே சேர்க்கை வைத்திருக்கும் எல்லோருக்கும் பொருந்தும். எங்கோ ஒருவர் குளிர்ந்த காலை வேளையில் அளவுக்கு மீறி ஓடினால், நாட்டின் மறு கோடியில் இருக்கும் உங்கள் காரில் 50 பவுண்டு ஏறும். எனவே ஒரு சேர்க்கையைத் தேர்ந்தெடுக்கும் முன், கடந்த சில ஆண்டுகளில் அதன் எண் எத்தனை முறை மாறியது என்பதைப் பாருங்கள். அடிக்கடி உயர்ந்திருந்தால் அதன் சாறு பிழியப்பட்டுவிட்டது என்று பொருள். யாரும் அதிகம் தொடாத, பெயர் பெறாத ஒரு சேர்க்கை பல நேரங்களில் நல்ல தேர்வாக அமைகிறது: நான்கு கதவுக் குடும்பக் கார், சரக்கு ஏற்றும் ஸ்டேஷன் வேகன், இரட்டைக் குழாய்க் கார்புரேட்டர் உள்ள சிறிய வி-8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின். ஸ்டேஷன் வேகன்களில் பின்சக்கரங்களின்மேல் கூடுதல் எடை இயல்பாகவே இருப்பதால் கிளம்பும்போது பிடிப்பு நன்றாகக் கிடைக்கும். அவற்றை ஏளனமாகப் பார்த்தவர்கள் தோற்றுத் திரும்பிய ஞாயிறுகள் ஏராளம்.

1972ஆம் ஆண்டு முதலான கார்களில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். அதுவரை துணைக்கருவிகள் இல்லாமல் எஞ்சினைத் தனியாக இயக்கி அளந்த மொத்தத் திறனையே விளம்பரப்படுத்தினார்கள். 1972இலிருந்து காரில் பொருத்திய நிலையில் கிடைக்கும் நிகரத் திறனைச் சொல்லத் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டுகளின் விளம்பர எண்களை நேரடியாக ஒப்பிட்டால் தவறான முடிவுக்கு வருவீர்கள்; கையேட்டில் உள்ள மதிப்பிட்ட எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

காரைத் தேடும்போது

இங்கே மனமாரச் சொல்ல விரும்புவது ஒன்று. தொழிற்சாலையிலிருந்து பெரிய எஞ்சினோடு வந்த அசல் காரையே பந்தயத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கையேட்டில் உள்ள அதே ஆண்டு, அதே மாடல், அதே உடல் அமைப்புள்ள ஒரு சாதாரணக் காரில் அந்தச் சேர்க்கைக்குரிய எஞ்சினையும் பாகங்களையும் பொருத்தி ஓடலாம். தடத்தில் நீங்கள் காணும் பெயர்பெற்ற கார்கள் பல இப்படிக் கட்டப்பட்டவையே. ஆறு சிலிண்டர் எஞ்சினோடு பிறந்து, துருப்பிடித்து, யாரும் சீண்டாமல் கிடக்கும் 1969 கமாரோவின் உடலே போதும். எஞ்சியிருக்கும் அசல் காரை எடுத்து அதன் தரையை வெட்டிக் கம்பிக்கூடு பற்றவைப்பது, கோயில் தூணை உடைத்துத் திண்ணை கட்டுவதற்குச் சமம். தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஆனாலும் எந்தக் கார் எதுவாகப் பிறந்தது என்று படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். விலை பேசும்போது அந்த அறிவு கைகொடுக்கும். ஃபோர்டில் அடையாள எண்ணின் ஐந்தாவது எழுத்து எஞ்சினைச் சொல்லும். 1968 மஸ்டாங்கில் அது ஆர் என்றிருந்தால் 428 கோப்ரா ஜெட். கிறைஸ்லர் கார்களிலும் ஐந்தாம் இடமே எஞ்சினுக்கு உரியது. 1968ஆம் ஆண்டின் ஹெமி டார்ட் எல்.ஓ.23 என்றும், ஹெமி பாரகுடா பி.ஓ.29 என்றும் தொடங்கும். செவ்ரோலேயில் இந்த வசதி 1972க்கு முன் கிடையாது. 1969 கமாரோவின் எண் ஆறு சிலிண்டரா வி-8ஆ என்பதை மட்டும் சொல்லும், எந்த வி-8 என்பதைச் சொல்லாது. அதனால் வெறும் அடையாள எண்ணைக் காட்டி ‘பெரிய எஞ்சின் கார்’ என்று விலை கேட்பவரிடம் தொழிற்சாலை ஆவணத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

எஞ்சின் பாகங்களை அடையாளம் காண்பது வேறு வேலை. செவ்ரோலே வி-8இன் வார்ப்பு எண், எஞ்சினின் பின்புறம் கியர்பாக்ஸ் உறை சேரும் விளிம்பின் மேலே இருக்கும். ஐம்பது ஆண்டு எண்ணெயும் தூசியும் அதன்மேல் கட்டியாகப் படிந்திருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த கம்பிப் பிரஷால் பொறுமையாகத் தேய்த்து, துணியால் துடைத்து, வெள்ளைச் சுண்ணக்கட்டியைப் படுக்கையாக வைத்து ஒருமுறை இழுத்தால், புடைத்திருக்கும் எண்கள் மட்டும் வெள்ளையாக எழுந்து நிற்கும். அருகிலேயே தேதி இருக்கும்: மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், பிறகு ஆண்டின் கடைசி இலக்கம். சி 14 9 என்றிருந்தால் மார்ச் 14, ஆண்டு 9இல் முடிவது. அந்த ஒன்பது 1969ஐயும் குறிக்கலாம், 1979ஐயும் குறிக்கலாம் என்பதால் தேதியை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் வார்ப்பு எண்ணோடு சேர்த்துப் பாருங்கள். சிலிண்டர் ஹெட், இன்டேக் மேனிஃபோல்ட் ஆகியவற்றிலும் இதேபோல் எண்ணைப் படித்து, உங்கள் சேர்க்கைக்கு ஏற்கப்பட்ட எண்களோடு ஒன்றுவிடாமல் ஒப்பிடுங்கள். எண் சரியாக இருப்பது மட்டும் போதாது. ஹெட்டைத் தலைகீழாகப் பிடித்து, விளக்கடித்து, காற்றுவழிகளின் உட்சுவரை விரலால் தடவுங்கள். வார்ப்பின் சொரசொரப்பு இல்லாமல் வழவழவென்றிருந்தால் யாரோ உள்ளே அரைத்திருக்கிறார்கள். ஸ்டாக் பிரிவில் அந்த ஹெட் வெறும் இரும்பு எடை. இன்றைய உரிமையாளருக்கே அது தெரியாமலிருக்கலாம் என்பதால், அவர் சொல்லை நம்பி இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

எஞ்சினில் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது

ஸ்டாக் எஞ்சினின் உயிர், வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டான கேம்ஷாஃப்டில் இருக்கிறது. வால்வை எவ்வளவு உயரம் தூக்கலாம் என்பது தொழிற்சாலை அளவோடு கட்டுப்பட்டது. எவ்வளவு நேரம் திறந்து வைக்கலாம் என்பதற்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. உயரத்தை மீற முடியாதபோது, அந்த உயரத்துக்கு வால்வை விரைவாகத் தூக்கி, அங்கேயே கூடிய நேரம் நிறுத்தி, விரைவாக இறக்கும் வடிவத்தைக் கண்டுபிடிப்பதில்தான் கைதேர்ந்தவர்களின் திறமை இருக்கிறது. சூப்பர் ஸ்டாக்கில் இந்த உயரக் கட்டுப்பாடும் கிடையாது. இரண்டு பிரிவுகளும் பிரியும் முக்கியமான இடங்களில் இது ஒன்று. கார்புரேட்டர் அந்தச் சேர்க்கைக்கு உரியதாகவே இருக்க வேண்டும். அதன் தொண்டையின் குறுக்களவை ஆய்வாளர்கள் அளவுகோல் நுழைத்துப் பார்ப்பார்கள். ஆனால் எரிபொருள் பாயும் சிறு துளைகளான ஜெட்களை மாற்றி எரிபொருள் கலவையைச் சரிசெய்துகொள்ளலாம். புகைபோக்கிப் பக்கம் தொழிற்சாலை வார்ப்புக்குப் பதிலாகக் குழாய் ஹெடர்கள் பொருத்தலாம்.

அதிகம் பேர் தவறுவது எரியறையின் கொள்ளளவில். பதிவான குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனால் சுருக்க விகிதம் கூடிவிடும் என்பதால் இதில் தயவுதாட்சண்யம் இல்லை. அளக்கும் முறை எளிது, வேண்டியது பொறுமை. ஹெட்டைச் சற்றுச் சாய்வாகக் கவிழ்த்து வைத்து, வால்வுகளையும் ஸ்பார்க் பிளக்கையும் பொருத்தி, அறையின் விளிம்பில் மெல்லிய கிரீஸ் தடவி, ஓரத்தில் சிறு துளையுள்ள தடித்த ஒளிபுகும் பிளாஸ்டிக் தகட்டை அதன்மேல் அழுத்துங்கள். துளை, சாய்வின் மேட்டுப் பக்கத்தில் இருக்கட்டும். அளவுக் கோடிட்ட கண்ணாடி ப்யூரெட்டில் நிறம் கலந்த ஆல்கஹாலை நிரப்பி, துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். திரவம் தகட்டின் அடியில் பரவி வரும்போது ஒரு காற்றுக் குமிழி மேட்டுப் பக்கம் நகர்ந்து, சிறுத்து, துளை வழியே வெளியேறும். அந்தக் கணத்தில் ப்யூரெட்டை மூடிவிட்டுக் கண் மட்டத்தில் வைத்து அளவைப் படியுங்கள். எட்டு அறைகளையும் அளந்து, ஒவ்வொன்றையும் தாளில் எழுதி, மறுநாள் இன்னொரு முறை அளந்து ஒப்பிடுங்கள். ஏழு அறைகள் சரியாக இருந்து ஒன்று மட்டும் அரை சி.சி. குறைந்தாலும் எஞ்சின் தகுதி இழக்கும். இந்த வேலையைப் பட்டறைக்காரரிடம் கொடுத்தாலும், அவர் அளப்பதை அருகில் நின்று பாருங்கள்.

பிஸ்டன் மேல் விளிம்பு எஞ்சின் கட்டையின் மேல் மட்டத்துக்கு எவ்வளவு கீழே நிற்கிறது, ஹெட் கேஸ்கெட்டின் தடிமன் எவ்வளவு, வால்வுகளின் குறுக்களவு என்ன என்பவற்றுக்கும் இதேபோல் பதிவான எல்லைகள் உண்டு. அவற்றையும் அந்தத் தாளிலேயே எழுதிவையுங்கள்.

அடிச்சட்டம், டயர், பாதுகாப்பு

ஸ்டாக் பிரிவில் பின் டயரின் தரைப்பட்டை 9 அங்குல அகலத்தைத் தாண்டக் கூடாது. சக்தி முழுவதும் அந்த ஒன்பது அங்குலத்தின் வழியாகத்தான் தரைக்குப் போயாக வேண்டும் என்பதால், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சரியாக அமைந்த கார், இன்னும் இருபது குதிரைத்திறன் கூடுதலாக வைத்துக்கொண்டு சக்கரம் வழுக்கும் காரை வென்றுவிடும். உடலும் உள்ளிருக்கைகளும் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். எடை கூட்ட வேண்டியிருந்தால் கழன்று ஓடாதபடி போல்ட் போட்டு இறுக்கிய பாரமாக இருக்க வேண்டும்.

பாதுகாப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். கால் மைலை 11.49 வினாடியிலோ அதற்குக் குறைவாகவோ கடக்கும் காருக்கு ரோல் பார் வேண்டும், 9.99க்குள் வந்தால் முழுக் கம்பிக்கூடும், அதற்கான சான்றொட்டியும், ஓட்டுநருக்குப் போட்டி உரிமமும் வேண்டும். பந்தய டயரோடு 13.99க்குள் ஓடும் காருக்கு டிரைவ் ஷாஃப்ட் ஒடிந்தால் தரையில் குத்தாமல் தாங்கும் வளையம் கட்டாயம். கார் இன்று எவ்வளவு ஓடுகிறது என்பதை வைத்துக் கட்டாமல், இரண்டு ஆண்டு கழித்து எவ்வளவு ஓடும் என்பதை வைத்துக் கட்டுங்கள். பிறகு எல்லாவற்றையும் வெட்டி மறுபடி பற்றவைப்பது இரட்டைச் செலவு.

பந்தய நாளில்

முதல் வேலை எடை மேடை. எரிபொருள் குறைந்த நிலையில், நீங்கள் உள்ளே அமர்ந்து, தலைக்கவசத்தோடு எடை போட்டுப் பாருங்கள். கடைசி ஓட்டம் முடிந்து வரும்போது இருக்கப்போகும் நிலை அதுதான். குறைந்தபட்சத்துக்கு மேல் பத்துப் பதினைந்து பவுண்டு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

தகுதிச் சுற்றில் யார் வேகமானவர் என்பது கேள்வியல்ல. யார் தன் வகுப்பின் இண்டெக்ஸைவிட எவ்வளவு முந்தினார் என்பதே கேள்வி. இண்டெக்ஸ் 11.50 என்றிருக்கும் வகுப்பில் 10.70 ஓடினால் 0.80 முந்தியதாகக் கணக்கு. நீக்கச் சுற்றுகளில் ஒவ்வொருவரும் தாம் எவ்வளவு நேரத்தில் ஓடுவோம் என்று அறிவித்து, கண்ணாடியில் எழுதுகிறார்கள். அதற்கு டயல்-இன் என்று பெயர். 11.90 எழுதியவர் 10.70 எழுதியவருக்கு 1.20 வினாடி முன்னதாகப் பச்சை விளக்கைப் பெறுவார். எழுதியதைவிட வேகமாக ஓடிவிட்டால் தோல்வி. ஆனால் ஒரே வகுப்பைச் சேர்ந்த இருவர் மோதும்போது இந்தச் சலுகை மறைந்துவிடுகிறது: இருவருக்கும் ஒரே கணத்தில் விளக்கு எரியும், முன்னே போய்ச் சேருகிறவர் வெல்வார். அந்த ஓர் ஓட்டத்துக்காகத்தான் மற்ற நேரங்களில் மறைத்துவைத்த வேகம் வெளியே வருகிறது. ஒவ்வொரு சிறு ஆதாயத்துக்காகவும் இரவு பகலாக உழைத்தவர்களுக்கு, ஸ்டாக் பந்தயத்தின் சுவை முழுவதும் அந்த ஓட்டத்தில்தான்.

வகுப்புப் பட்டம் வென்றவர்களின் எஞ்சினை, குறிப்பாக இண்டியானாபொலிஸ் யு.எஸ். நேஷனல்ஸ் போன்ற பெரிய நிகழ்வுகளில், பிரித்துச் சோதிப்பார்கள். ஹெட்டைக் கழற்றும் கருவிகளையும் புதிய கேஸ்கெட்டுகளையும் கொண்டுபோங்கள். முன்பு அளந்து எழுதிய தாளையும் கையில் வைத்திருங்கள்; ஆய்வாளரின் அளவுக்கும் உங்கள் அளவுக்கும் வேறுபாடு வந்தால் எங்கே தவறியது என்று அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

புதிய கார் வாங்க நினைப்பவர்களுக்கு

பழைய இரும்போடு மல்லுக்கட்ட விரும்பாதவர்களுக்கு, தொழிற்சாலையே பந்தயத்துக்கெனக் கட்டிய கார்கள் உண்டு. ஃபோர்ட் 2008இல் கோப்ரா ஜெட் பெயரை மீட்டெடுத்து 50 மஸ்டாங்குகளைக் கட்டியது. அவற்றுள் ஒன்றில் ஜான் கால்வர்ட் 2009 வின்டர்நேஷனல்ஸில் சூப்பர் ஸ்டாக் பட்டத்தை வென்றார். டாட்ஜ் சேலஞ்சர் டிராக் பேக் தொடர்ந்து வந்தது. செவ்ரோலே 2012இல், பழைய சிறப்பு ஆணைக் கார்களின் பெயரைத் தாங்கிய கோப்போ கமாரோவைச் சரியாக 69 எண்ணிக்கையில் கட்டியது. ஃப்ரெட் கிப் தொடங்கிவைத்த அந்த எண்ணை அவர்கள் மறக்கவில்லை. இவை சாலையில் ஓட்டப் பதிவு செய்ய முடியாதவை. மறுபுறம், சாலையில் ஓட்டுவதற்கு விற்கப்பட்ட 2018 டாட்ஜ் டீமன் 9.65 வினாடியில் கால் மைலைக் கடந்ததாக என்.எச்.ஆர்.ஏ. சான்றளித்தது, கம்பிக்கூடு இல்லாமல் அந்த வேகத்தில் ஓடும் கார் என்பதால் தன் பந்தயங்களில் அதைத் தடையும் செய்தது. கடையில் வாங்கிய கார் அப்படியே தகுதி பெறும் என்று எண்ணுகிறவர்கள் அந்தச் சான்றையும் தடையையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எந்தக் கார் ஆனாலும், ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் புதிய விதிநூலையும் வகைப்பாட்டுக் கையேட்டையும் எடுத்து, உங்கள் சேர்க்கையின் வரியைச் சென்ற ஆண்டின் வரியோடு ஒப்பிடுங்கள். குதிரைத்திறன் மாறியிருந்தால் மூன்று வகுப்புகளின் எடையையும் அன்றே மறுபடி கணக்கிட்டு, பாரத்தைக் கூட்டுவதா வகுப்பை மாற்றுவதா என்பதை முதல் பந்தயத்துக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.